இரண்டாவது கடைக்கு முன் ஒரு நோட்டுப்புத்தகம்

குடியிருப்புப் பேட்டையில் நன்றாக ஓடும் குடும்ப உணவகம் ஒன்று இரண்டாவது கடை திறந்தால் நமக்கும் மகிழ்ச்சிதான். ஆனால், சில மாதங்களில் “பழைய கடையின் ருசி இங்கே இல்லையே” என்ற பேச்சு எழும். அடுத்து, பழைய கடையிலும் ருசி குறைந்துவிட்டது என்பார்கள்.

காரணம் எளிது. முதல் கடையில் முதலாளிதான் எல்லாம். சாம்பாரை ருசி பார்ப்பவரும் அவரே, கல்லாவை எண்ணுபவரும் அவரே. எந்த வாடிக்கையாளருக்குத் தேநீரில் சீனி வேண்டாம் என்பதும் அவருக்குத்தான் தெரியும். இரண்டாவது கடை அந்த ஒருவரை இரண்டாகப் பிரித்துவிடுகிறது.

அதற்காக, விரிவடையவே கூடாது என்று சொல்லவில்லை. 1924ல் தொடங்கிய ஆனந்த பவனும் 1969ல் தொடங்கிய முத்தூஸ் கறியும் ஒரே கடையோடு நின்றுவிடவில்லை. ஆனால், ஆசைக்கு முன்னால் கணக்கு வரவேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. புதிய கடையின் மாத வாடகை 9,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். பொருள்கள், எரிவாயு, சம்பளம் போக ஒரு சாப்பாட்டுக்கு 3 வெள்ளி மிஞ்சினால், வாடகையைக் கட்டவே மாதம் 3,000 சாப்பாடு, அதாவது நாளுக்கு 100 சாப்பாடு, விற்க வேண்டும். குடும்பத்துக்கான வருமானம் அதற்குப் பிறகுதான். ஒரே நிறுவனத்தின்கீழ் நடக்கும் இரு கடைகளின் ஆண்டு விற்பனை ஒரு மில்லியன் வெள்ளியைத் தாண்டினால் பொருள் சேவை வரிக்குப் பதிவுசெய்ய வேண்டும். அந்த வரி 2024 முதல் 9 விழுக்காடு. விலையை ஏற்றுவதா, லாபத்தைக் குறைத்துக்கொள்வதா என்ற கேள்வி அப்போது எழும்.

ஆள்பலம் அடுத்த சிக்கல். சிங்கப்பூரின் சேவைத் துறையில் வேலை அனுமதி, ‘எஸ் பாஸ்’ ஊழியர்கள் மொத்த ஊழியரணியில் 35 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. ஊரிலிருந்து நான்கு சமையல்காரர்களை வரவழைத்துக் கடையைத் திறந்துவிடலாம் என்பது நடக்காத காரியம். உள்ளவர்களுக்கே தொழிலைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கற்றுக்கொடுக்க வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும்.

இளையர்களின் பங்கு இங்கேதான் தொடங்குகிறது. பல கடைகளில் சமையல் குறிப்பு என்பது அம்மாவின் கையிலும் அப்பாவின் நாக்கிலும் மட்டுமே இருக்கிறது. “கைப்பக்குவத்தை எழுத முடியுமா?” என்று அவர்கள் கேட்பார்கள். முழுவதையும் எழுத முடியாதுதான். ஆனால், அரிசிக்கு எவ்வளவு உளுந்து, எத்தனை மணி நேரம் ஊறல், மாவு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்பதை எழுதலாம். வெக்கையான சமையலறையில் சீக்கிரம் பொங்கும் மாவு, குளிர்சாதனக் கடைத்தொகுதியில் மந்தமாகப் புளிக்கும். அப்பாவுக்கு இது தொட்டாலே தெரியும். புதிதாக வந்தவருக்குக் கடிகாரமும் தராசும்தான் துணை.

பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ கணக்கியல், உணவு அறிவியல், வர்த்தகம் படிக்கும் பிள்ளை விடுமுறையில் தட்டு எடுத்துக் கொடுப்பது நல்ல உதவி. ஒரு மாதம் அப்பாவின் பின்னால் நோட்டுப்புத்தகத்துடன் நடப்பது அதைவிடப் பெரிய உதவி. குறிப்பு வெளியே போய்விடும் என்ற அச்சம் பெற்றோருக்கு இருக்கலாம். எழுதாமல் விட்டால் அது ஒருவருடைய முதுமையோடு மறைந்துவிடும் என்பது அதைவிடப் பெரிய அச்சம்.

“நாங்கள் பட்ட கஷ்டம் போதும், நீ அலுவலக வேலைக்குப் போ” என்று சொல்லும் பெற்றோரின் அன்பை மறுக்க முடியாது. அதேவேளை, பிள்ளைகள் கடைக்கு வரத் தயங்குவது வேலைக்குப் பயந்து மட்டுமல்ல. சம்பளம் எவ்வளவு, முடிவெடுக்கும் உரிமை யாருக்கு, விடுப்பு எப்போது என்று யாரும் பேசுவதில்லை. “நம்ம கடைதானே” என்ற ஒரே பதிலில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இரண்டாவது கடை திறக்க நினைக்கும் குடும்பம் முதலில் இதைப் பேசித் தீர்க்கட்டும்.

என் கருத்தில், சோதனை ஒன்றுதான். முதலாளி ஏழு நாள் கடைப்பக்கம் வராமல் இருக்கட்டும். எட்டாம் நாள் வழக்கமான வாடிக்கையாளர்கள் ருசியில் வித்தியாசம் சொல்லாமல், கல்லாக் கணக்கும் சரியாக இருந்தால், புதிய இடம் தேடலாம். இல்லையென்றால் அந்த வாடகைப் பணத்தை முதல் கடையின் ஊழியர்களுக்குப் பயிற்சி தரச் செலவிடுவதே மேல். ஒரே கடையை ஐம்பது ஆண்டு நன்றாக நடத்துவதும் வளர்ச்சிதான்.