பொதுப் பணத்துக் கோபுரங்கள் மட்டும் போதுமா?

ஊருக்கு வெளியே ஒரு நிறுவனத்தின் கைப்பேசிக் கோபுரம் நிற்கும். வேறு நிறுவனத்தின் சிம் அட்டை வைத்திருப்பவருக்கோ சிக்னல் கிடைக்காது. அரசு நிதியில் அமைந்த 4ஜி கோபுரங்களிலாவது இந்த வேலியை அகற்றும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஜனவரி 17-இல் தொடங்கியது. பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ வாடிக்கையாளர்கள் அவற்றில் எதன் வழியாகவும் பேசலாம்.

சுமார் 27 ஆயிரம் கோபுரங்களோடு அது நின்றுவிடுகிறது. சொந்தப் பணத்தில் கோபுரம் அமைத்த நிறுவனம் அதை இலவசமாகப் பகிர வேண்டும் என்பது நியாயமல்ல, கட்டணம் நிர்ணயிக்கலாம். ஆனால், புயல் காலத்தில்? பேரிடரின்போது மற்ற நிறுவன வாடிக்கையாளர்களுக்கும் இணைப்புத் தருவதை, தொழில்நுட்பம் இடம்தரும்வரை, அமெரிக்கா 2024 மே முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. இங்கோ அந்தந்தப் புயலுக்கு அந்தந்த உத்தரவு. சிவப்பு எச்சரிக்கை வெளியானதுமே இந்த வசதி தானாக நடைமுறைக்கு வரவேண்டும்.