கதவு செய்த பாவம் என்ன?

பழைய மோட்டார் வண்டி உள்ள வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. வண்டியில் ஏறியதும் கதவை வீதியே அதிரும்படி சாத்துவார்கள். முதல் தடவை அது மூடாது. "இன்னும் கொஞ்சம் ஓங்கி!" என்று முன் ஆசனத்திலிருந்து உத்தரவு பிறக்கும். மூன்றாம் தடவை எப்படியோ மூடிக்கொள்ளும். புதிதாக வந்த விருந்தாளி தயங்கித் தயங்கி மெதுவாகச் சாத்தினால், அந்த வீட்டுக் குழந்தையே அவருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துவிடும். நாளடைவில், அந்தக் கதவின் சுபாவமே அதுதான் என்று குடும்பத்தார் அனைவரும் ஏகமனதாகத் தீர்மானித்துவிடுகிறார்கள்.

கதவுக்குச் சுபாவம் என்று ஒன்று கிடையாது என்பது நம்முடைய அபிப்பிராயம். கதவு கீலில் தொங்குகிறது. கீல் தூணில் நிற்கிறது. தூண் அடிச்சட்டத்தின்மேல் நிற்கிறது. இவற்றுள் எது தன் இடத்தை விட்டு நகர்ந்தாலும், பழி வந்து சேருவது கதவின் தலையில்தான். ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றே.

இது வெறும் அழகைப் பற்றிய விஷயமன்று. கதவின் பூட்டு, எதிர்த் தூணில் உள்ள கொண்டியை முழுவதும் கவ்வ வேண்டும். பாதி கவ்விய கதவு மூடியது போலவே தோன்றும். ஆனால் வளைவில் வண்டி வேகமாகத் திரும்பும்போதோ, பள்ளத்தில் விழுந்து எழும்போதோ, அது திறந்து கொள்ளலாம். அந்தக் கதவோரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வீட்டின் சின்னக் குழந்தை. இரண்டாவது கேடு மழை நீர். ரப்பர் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியும் மறு பக்கம் ஒட்டாமலும் இருந்தால், நீர் உள்ளே கசிந்து தரை விரிப்பின் கீழ் தங்கும். அது யாருக்கும் தெரியாமல் தரைத் தகட்டைத் துருவாக்கித் தின்றுவிடும்.

சரி, கதவு கோணலாக இருக்கிறது; என்ன செய்வது? நம்மில் பெரும்பாலோர் உடனே கதவைத்தான் திருத்தப் போகிறோம். மழைக் காலத்தில் வீட்டுக் கதவு இறுகினால், தச்சர் இழைப்புளியை எடுத்து விளிம்பைச் சீவுவார். கோடையில் மரம் வற்றியதும், சீவிய இடத்தில் விரல் நுழையும்படி சந்து தெரியும். மோட்டார் வண்டியிலும் இதே கதைதான். இடுக்கு அகலமாகத் தெரிந்தால் பட்டி பூசி நிரப்புகிறார்கள். குறுகலாக இருந்தால் ராவித் தள்ளுகிறார்கள். மேலே வர்ணம் அடித்ததும் கண்ணுக்கு எல்லாம் சரியாகிவிடும். சில மாதங்கள் ஓடிய பிறகு, பட்டி வெடித்து விழும். கோணலோ முன்போலவே இருக்கும்.

இந்த விஷயத்தை நன்றாக விளக்குவதற்கு நம் சென்னையில் உருவான வண்டி ஒன்றையே உதாரணமாகக் கொள்வோம். அதுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1959-ம் வருஷத்தில் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் இது வெளிவந்தது. உருவம் வரைந்தவர் இத்தாலியில் டூரின் நகரைச் சேர்ந்த ஜியோவானி மிச்செலோட்டி. 1961 முதல், ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா என்ற கம்பெனி இதைச் சென்னையில் தயாரித்தது. 1970-களின் தொடக்கத்தில் இதன் உற்பத்தி நின்றது. ஆனாலும் பழைய வண்டிகளைப் பேணுவோர் வீடுகளில் ஹெரால்டு இன்னமும் செல்லப் பிள்ளையாக இருந்து வருகிறது.

அந்தக் காலத்தில் புதிய சிறிய வண்டிகள் பல, உடலும் அடிச்சட்டமும் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டு ஒரே கூடாக வந்துகொண்டிருந்தன. ஹெரால்டு அப்படியன்று. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் தகடுகள் செய்து கொடுத்த பிஷர் அண்டு லட்லோ என்ற ஸ்தாபனம் 1953-ல் போட்டிக் கம்பெனியான பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பொரேஷனின் கைக்குப் போய்விட்டது. முழுக் கூட்டைச் செய்து கொடுக்க ஆள் இல்லை. ஆகவே, தனியாக ஓர் அடிச்சட்டம் செய்து, அதன்மேல் உடலைப் பல துண்டுகளாகப் போல்ட்டு போட்டு முடுக்கும் பழைய முறைக்கே திரும்பினார்கள். முன் துண்டு ஒன்று, பின் துண்டு ஒன்று, கூரை தனி. மூக்கும் இரு மட்கார்டுகளும் சேர்ந்த பானெட்டு தனி. துண்டு துண்டாக இருந்ததனால் கப்பலில் அனுப்பி வேறு தேசங்களில் கோப்பது சுலபமாயிற்று. இடுக்குகள் ஒழுங்காக அமைவது மட்டும் கஷ்டமாயிற்று.

இரண்டு கதவு ஹெரால்டில் கீல் தூண் முன் துண்டைச் சேர்ந்தது. கொண்டித் தூண் பின் துண்டைச் சேர்ந்தது. கதவு ஒரு வீட்டில் தொங்கி மற்றொரு வீட்டில் பூட்டிக்கொள்கிறது! பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கும் மருமகளின் நிலைமைதான் அதற்கு. இரண்டு வீட்டு அஸ்திவாரங்களும் ஒரே மட்டத்தில் இருந்தால் அவள் முகம் மலர்ந்திருக்கும். ஒன்று தணிந்தாலும், முகம் கோணியதற்கு அவளையே குறை சொல்வார்கள்.

உடலின் நடுப் பகுதி தணிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இரண்டு தூண்களின் தலைகளும் ஒன்றையொன்று நோக்கிச் சாயும். கதவைச் சுற்றிய இடுக்கு மேலே ஒடுங்கும், கீழே அகலும். இதற்கு மருந்து கீலில் இல்லை. உடலுக்கும் அடிச்சட்டத்துக்கும் நடுவே, முடுக்கும் இடங்களில் மெல்லிய தகட்டுத் துண்டுகளை வைப்பதுதான் மருந்து. பள்ளிக்கூடத்தில் ஆடும் பெஞ்சியின் காலுக்கடியில் பையன்கள் காகிதத்தை மடித்து வைப்பதில்லையா? அதே தந்திரந்தான். நீளம் ஒரு மீட்டர் உள்ள துண்டின் முனையை 1 மில்லிமீட்டர் உயர்த்தினால், ஒரு மீட்டர் உயரமுள்ள தூணின் தலையும் 1 மில்லிமீட்டர் நகரும். இரண்டு தூண்களும் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தால் இடுக்கில் 2 மில்லிமீட்டர் வித்தியாசம் ஏற்படும். ஒத்த முக்கோணங்களால் வாழ்க்கையில் என்ன பிரயோஜனம் என்று கேட்கும் மாணவர்களுக்கு இது ஒரு நல்ல விடை.

இனி வீட்டிலேயே செய்யக்கூடிய காரியங்களைச் சொல்வோம். இவை ஹெரால்டுக்கு மட்டுமல்ல, கீல் போல்ட்டு போட்டு முடுக்கிய எந்தப் பழைய வண்டிக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலாவது, பார்ப்பது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயர்களிலும் சரியான அளவு காற்று அடித்து, அதன் பாரம் சக்கரங்களின்மேல் இருக்கும்படி விடுங்கள். தபால் கார்டுகளைச் சிறு துண்டுகளாக வெட்டி அடுக்கிக்கொள்ளுங்கள். கதவைச் சுற்றி ஒவ்வொரு சாண் தூரத்திலும் எத்தனை துண்டுகள் இறுக்கமில்லாமல் நுழைகின்றன என்று பார்த்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எந்த மூலையில் அகலம், எந்த மூலையில் ஒடுக்கம் என்பது படம்போல் விளங்கிவிடும். இந்தப் படம் கையில் இல்லாமல் ஸ்பானரைத் தொடவே கூடாது.

இரண்டாவது, கீல். கதவைப் பாதி திறந்து, பூட்டுப் பக்கத்து நுனியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். கதவு லொடலொடவென்று ஆடினால் கீலின் ஆணி தேய்ந்திருக்கிறது. தேய்ந்த கீலை வைத்துக்கொண்டு கதவை நேராக்க முயல்வது, உடைந்த அடிகோலால் கோடு போடுவதற்குச் சமானம். முதலில் ஆணியை மாற்ற வேண்டும்.

மூன்றாவது, அடிச்சட்டம். கதவைச் சாத்தி இடுக்கை அளந்த பிறகு, அந்தப் பக்கத்தை ஜாக்கியால் சிறிது உயர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். இடுக்கு ஏறக்குறைய அப்படியே இருந்தால் சட்டம் திடமாக இருக்கிறது. கண்ணால் பார்க்கும்போதே இடுக்கு மூடினாலும் திறந்தாலும், சட்டம் துருவேறி வலுவிழந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குமேல் அது வீட்டில் செய்யும் வேலையன்று. பற்றவைக்கும் நிபுணரிடம் போக வேண்டியது. அவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: கதவை மாட்டியபடியே வைத்து, வண்டியை மட்டமாகத் தாங்கி நிறுத்தி, அடிக்கடி இடுக்கைப் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். கோணலாக நிறுத்திப் பற்றவைத்தால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் ஒருவரும் நுழைய வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

சட்டமும் கீலும் சரியாக இருந்தால்தான் கதவின் முறை வருகிறது. எதிர்த் தூணில் உள்ள கொண்டியை முதலில் கழற்றிவிடுங்கள். அது இருக்கும் வரையில் கதவைத் தன் இஷ்டத்துக்குத் தூக்கியும் தாழ்த்தியும் உண்மையை மறைத்துக்கொண்டிருக்கும். கீலைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரையுங்கள். திரும்பி வருவதற்கு வழி தெரிய வேண்டுமல்லவா? தகடுகளின் விளிம்பில் ஒட்டுக் காகிதம் ஒட்டினால் வர்ணம் பெயராது. கதவுக்கடியில் ஜாக்கியும், அதன்மேல் துணி சுற்றிய மரக்கட்டையும் வைத்துத் தாங்குங்கள். கதவு கனமானது, கூட ஒருவர் இருப்பது அவசியம்.

ஒரு சமயத்தில் ஒரு கீலைத்தான் தளர்த்த வேண்டும். அதுவும் கழன்றுவிடும்படியன்று, தட்டினால் நகரும் அளவுக்கு மாத்திரம். கீல் தூணோடு சேரும் இடத்துப் போல்ட்டுகள் ஒரு திசையிலும், கதவோடு சேரும் இடத்துப் போல்ட்டுகள் வேறொரு திசையிலும் இடம் கொடுக்கும். இது வண்டிக்கு வண்டி மாறும். தளர்த்தி அசைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பூட்டுப் பக்கம் தொங்கிப் போயிருந்தால், மேல் கீலை முன்னோக்கிச் சிறிது நகர்த்துங்கள். தொங்கிய நுனி மேலே எழும்பும். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் போல்ட்டை முடுக்கி, கதவை மிக மெதுவாகச் சாத்திப் பாருங்கள். விளிம்பு எங்கேனும் இடிக்கிறதா என்று கண் வைத்திருங்கள். அளந்து எழுதிய பிறகே அடுத்த மாற்றம். ஒரே மூச்சில் இரண்டு மாற்றம் செய்தால், எதனால் எது நேர்ந்தது என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது.

இடுக்கு ஒழுங்கானதும் தகடுகளின் மட்டத்தைக் கவனியுங்கள். கதவின் முன் விளிம்பு அதற்கு முன்னுள்ள தகட்டைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கக் கூடாது. காற்று அதில் மோதி ஓசை செய்யும். மயிரிழை உள்ளே இருந்தால் பாதகமில்லை. கடைசியாகக் கொண்டியை மாட்டுங்கள். கதவு பூட்டிக்கொள்ளும்போது மேலே ஏறவும் கூடாது. கீழே இறங்கவும் கூடாது. பிறகு ஒரு காகிதக் கீற்றை ரப்பர் விளிம்பின்மேல் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் அது சிறிது அழுத்தத்துடன் வந்தால் மழை உள்ளே வராது. தாராளமாக வழுக்கி வரும் இடத்தில் நீரும் தாராளமாக வரும்.

வேலையின் வரிசையை மறக்க வேண்டாம். முதலில் அடிச்சட்டம், பிறகு நகராத பின் தகடு, அதற்கு ஒத்தபடி கதவு, கதவுக்கு ஒத்தபடி முன் மட்கார்டும் பானெட்டும். ஹெரால்டின் பெரிய பானெட்டை முன்புறக் கீல்களில் நகர்த்திக் கதவோடு ஒப்ப வைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி வேலை. பளபளவென்று கண்ணில் படுவது பானெட்டு என்பதால் பலர் அங்கே ஆரம்பிக்கிறார்கள். அதைச் சரி செய்தால் கதவு கெடும். கதவைச் சரி செய்தால் பின்புறம் கெடும். ஞாயிற்றுக்கிழமையும் கெட்டுப்போகும்.

டிங்கர் பட்டறையில் அனுபவசாலியான மேஸ்திரி இதையெல்லாம் கண்ணாலும் விரல் நுனியாலும் அளந்து முடித்துவிடுவார். நமக்கு அந்த விரல் இல்லை. ஆனால் நமக்கு அவகாசம் இருக்கிறது, தபால் கார்டு இருக்கிறது, அவசரப்படாத மனத்தையும் வரவழைத்துக்கொள்ளலாம். வேலை முடிந்ததும், அளவுகள் எழுதிய நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். எந்த இடத்தில் எத்தனை தகடு வைத்தோம், எந்தக் கீலை எவ்வளவு நகர்த்தினோம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பழைய வண்டி உங்களோடு முடிந்துபோவதன்று. அடுத்தாற்போல் அதை வைத்துக்கொள்ளப் போகிற பிள்ளையோ பேத்தியோ, கதவைப் பழிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கங்களைப் புரட்டிப் பார்க்கட்டும்.