வேலைப்பளுக் கணக்கு யார் கையில்?

டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் நடக்கிறது. 82,300 பேர் கொள்ளும் மைதானம் நிரம்பியிருக்கிறது. நுழைவுச் சீட்டு விற்ற பணம் வருகிறது. டெலிவிஷன் ஒளிபரப்புக்கான பணமும் வருகிறது. களத்தில் 70 நிமிடம் ஓடி, மோதி, விழுந்து எழுந்து ஆடியவனுக்குக் கூலி எவ்வளவு? ஒரு காசும் கிடையாது. மறுபடி பொழுது விடிந்தால் அவன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகவேண்டும். கட்டிடத்தில் செங்கல் அடுக்கப் போகவேண்டும். பண்ணையில் மாடு கறக்கப் போகவேண்டும்.

கேலிக் கால்பந்தும் ஹர்லிங்கும் அயர்லாந்து மக்களின் சொந்த விளையாட்டுகள். முன்னதில் பந்தைக் காலால் உதைக்கலாம், கையாலும் தட்டலாம். பின்னது மர மட்டையால் சிறு பந்தை அடித்து ஆடுவது. இரண்டிலும் பக்கத்துக்குப் பதினைந்து பேர். இவற்றை நடத்தும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884 நவம்பர் 1-ம் தேதி தர்லஸ் என்ற ஊரில் பிறந்தது. 1920 நவம்பர் 21-ம் தேதி இதே குரோக் பார்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் உயிரிழந்தார்கள். களத்தில் நின்ற மைக்கேல் ஹோகன் அவர்களில் ஒருவர். ஆகவே அந்த மக்களுக்கு இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. சொந்த ஊர்க் கழகத்துக்கு ஆடுவதும், நமது ஜில்லாவைப் போன்ற கவுண்டிக்கு ஆடுவதும் அவர்களுக்குப் பெரிய கௌரவம்.

இந்தப் பற்றை நாம் மதிக்கிறோம். ஆனால் பற்றுள்ளவனிடம்தான் அதிகம் வேலை வாங்க முடியும் என்பதையும் நாம் மறந்துவிடக்கூடாது.

31 மணி நேரம்

அயர்லாந்தின் பொருளாதார, சமூக ஆராய்ச்சி நிலையம் 2018-ம் ஆண்டு ஒரு அறிக்கை வெளியிட்டது. 2016-ல் கவுண்டி அணிகளில் ஆடியவர்களைக் கேட்டுத் தயாரித்த அறிக்கை அது. பயிற்சி, பயணம், ஆட்டம், உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்து ஒரு ஆட்டக்காரருக்கு வாரத்தில் 31 மணி நேரம் வரை செலவாகிறது என்று அது கூறிற்று. நாளைக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் ஏறக்குறைய நான்கு நாள் வேலை! வயிற்றுப் பிழைப்புக்கான வேலை முடிந்த பிறகு செய்யும் வேலை இது. அதற்கான நேரம் தூக்கத்திலிருந்தும், ஓய்விலிருந்தும், குடும்பத்தோடு இருக்கும் பொழுதிலிருந்தும்தான் வெட்டி எடுக்கப்படுகிறது.

மில்லில் தறி ஓட்டும் தோழருக்கு வேலைப்பளு என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. கேலிக் மைதானங்களிலும் இன்று அதே பேச்சுத்தான். அங்கே அதை அளப்பதற்குக் கருவிகள் வந்துவிட்டன.

ஆட்டக்காரர் உள்சட்டையின் முதுகுப் பக்கம், இரண்டு தோள்களுக்கும் நடுவே, தீப்பெட்டி போன்ற ஒரு கருவியைச் செருகுகிறார்கள். ஜி.பி.எஸ். கருவி என்று அதற்குப் பெயர். அவர் எவ்வளவு தூரம் ஓடினார், எத்தனை முறை வேகமெடுத்தார், எப்போது தளர்ந்தார் என்பதையெல்லாம் அது பதிவு செய்கிறது. கவுண்டி அளவிலான கேலிக் கால்பந்து ஆட்டத்தில் ஒருவர் சுமார் 8 முதல் 9 கிலோமீட்டர் ஓடுகிறார் என்பது இப்படித்தான் தெரியவந்தது. களத்துக்கு வெளியே ஒருவர் பந்தை யார் பிடித்தார், யார் பறிகொடுத்தார், எத்தனை உதை கம்பத்துக்கு வெளியே போயிற்று என்று குறித்துக்கொள்கிறார். பெரிய அணிகளில் இதற்குக் கம்ப்யூட்டர் உண்டு. ஊர்க் கழகத்தில் ஒரு பென்சிலும் நோட்டும்தான்.

இந்தக் கணக்குகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கணக்கு இல்லாத இடத்தில் தேர்வாளரின் விருப்பு வெறுப்புத்தான் ஆட்சி செய்யும். யாருடைய மகன், யாருக்கு வேண்டியவன் என்று பார்ப்பார்கள். சத்தம் போடாமல் பின்வரிசையில் நின்று பந்தைப் பறித்துக் கொடுப்பவனின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகும். நேர்மையான கணக்கு அவனுக்குத் துணை.

ஆனால் கணக்கு எல்லாவற்றையும் பார்த்துவிடுவதில்லை. எதிரணியின் சிறந்த ஆட்டக்காரனை ஒட்டி நின்று, அவன் கைக்குப் பந்தே போகாமல் தடுத்தவனின் பெயருக்கு நேரே நோட்டில் பூஜ்யம்தான் விழும். நடுக்களத்தில் நிற்பவன் அதிகம் ஓடுவான். கம்பத்துக்கு முன்னே காவல் நிற்பவன் குறைவாக ஓடுவான். இருவரையும் ஒரே தராசில் நிறுத்தி, இவன் உழைப்பாளி, அவன் சோம்பேறி என்று சொல்வது என்ன நியாயம்?

ஒரு நோட்டுப் புத்தகம் போதும்

வேலைப்பளுவை அளக்க விலையுயர்ந்த கருவி கட்டாயம் வேண்டுமா? வேண்டியதில்லை. விளையாட்டு விஞ்ஞானிகள் எளிய முறை ஒன்றை வெகுநாளாகக் கையாண்டு வருகிறார்கள். பயிற்சி முடிந்து சற்று நேரம் கழித்து ஆட்டக்காரரிடம், “இன்று எவ்வளவு கடினமாக இருந்தது? பத்துக்கு எத்தனை போடுவாய்?” என்று கேட்கவேண்டும். அவர் சொல்லும் எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கவேண்டும். அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை 90 நிமிடப் பயிற்சிக்கு 6 போட்டால் 540. வியாழக்கிழமை 60 நிமிடத்துக்கு 5 போட்டால் 300. ஞாயிறு 70 நிமிட ஆட்டத்துக்கு 9 போட்டால் 630. வாரத்துக்கு மொத்தம் 1,470. கடந்த நான்கு வாரங்களில் அவருடைய சராசரி 1,000-தான் என்றால் இந்த வாரம் பளு திடீரென ஒன்றரை மடங்கை நெருங்கிவிட்டது என்று பொருள். இங்கே நின்று யோசிக்கவேண்டும்.

ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் டிம் கேபெட் 2016-ல் இத்தகைய விகிதத்தை வைத்து எழுதியது பரவலாகப் பேசப்பட்டது. இந்த அளவுக்குள் இருந்தால் பாதுகாப்பு, அதைத் தாண்டினால் ஆபத்து என்று பல அணிகள் சூத்திரம் போல அதைப் பிடித்துக்கொண்டன. பிறகு வேறு விஞ்ஞானிகள் அந்தக் கணக்கிலேயே குறைகள் உண்டு என்று எடுத்துக்காட்டினார்கள். ஆகவே ஒரு எண்ணைப் பார்த்தே இவனுக்கு நாளை காயம் படும் என்று ஜோசியம் சொல்ல முடியாது. சிறிது சிறிதாக ஏற்றிய பளுவை உடம்பு தாங்கிக்கொள்ளும், திடீரென ஏற்றினால் திணறும் என்பது மட்டும் மூட்டை தூக்கும் எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்த உண்மை. கேலிக் கால்பந்தில் அடிக்கடி பழுதாகிறது தொடையின் பின்பக்கத் தசை. அது கிழிந்தால் ஆட்டம் மட்டும் போவதில்லை. சாரத்தில் ஏறி வேலை செய்பவனுக்கு வேலையும் போகிறது. காயத்துக்கென்று சங்கம் ஒரு நிதி வைத்திருக்கிறது. ஆனால் இழப்பு முழுவதையும் ஈடுகட்டுவதற்காக ஏற்பட்டதல்ல அது.

கருவி பார்க்காத பளு

நமது முக்கியமான குறை இதுதான். அந்தக் கருவி மைதானத்தில் மட்டும்தான் முதுகில் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இரவு முழுவதும் நின்று வேலை பார்த்துவிட்டு வரும் நர்ஸின் முதுகில் அது இல்லை. பகலெல்லாம் சிமெண்டு சுமந்தவனின் முதுகில் இல்லை. கன்று ஈனும் காலத்தில் தொழுவத்தில் கண்விழித்தவனின் முதுகில் இல்லை. வேலை செய்யும் ஊரிலிருந்து பயிற்சி மைதானத்துக்கு இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்தவனின் களைப்பையும் அது அறியாது. சம்பளம் வாங்கி ஆடும் தொழில்முறை ஆட்டக்காரன் பயிற்சி முடிந்ததும் படுத்து ஓய்வெடுக்கிறான். அவனுக்கென்று செய்த அளவுகோலை அப்படியே தூக்கிவந்து அமெச்சூர் ஆட்டக்காரனின் மேல் வைத்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? அவனுடைய நாளில் பாதி அந்தக் கணக்கில் சேரவே இல்லையே!

மாணவர் நிலைமை இன்னும் மோசம். திறமைசாலி என்று பெயரெடுத்த இளைஞன் ஊர்க் கழகத்துக்கு ஆடுகிறான், பல்கலைக்கழகத்துக்கு ஆடுகிறான், இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆடுகிறான், கவுண்டியின் மூத்த அணியும் கூப்பிடுகிறது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு பயிற்சியாளர் இருக்கிறார். தான் ஏற்றும் மூட்டை ஒவ்வொருவருக்கும் தெரிகிறது. மற்ற மூன்று மூட்டைகள் யாருக்கும் தெரிவதில்லை. சுமப்பது ஒரே முதுகு!

சங்கம் இதைக் கவனிக்கவே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். இளம் ஆட்டக்காரர்கள் சோர்ந்து விழுவதைப் பற்றி 2007-லும் 2015-லும் அறிக்கைகள் வந்தன. 2022 முதல் ஆண்டின் முற்பகுதி கவுண்டி ஆட்டங்களுக்கு, பிற்பகுதி ஊர்க் கழகங்களுக்கு என்று பிரித்தார்கள். வழக்கமாக செப்டம்பரில் நடந்துவந்த இறுதி ஆட்டங்கள் ஜூலைக்கு வந்தன. எந்தக் கருவியும் செய்யாத நன்மையை இப்படி ஒழுங்குபடுத்திய நாட்காட்டி செய்ய முடியும். இது சரியான திசையில் வைத்த அடி. லாபம் பங்கு போடும் முதலாளிகளின் கம்பெனி அல்ல இந்தச் சங்கம் என்பதும் உண்மை. வரும் பணம் மைதானத்துக்கும், சிறுவர் பயிற்சிக்கும், கழகங்களுக்கும் போகிறது. ஆனால் நல்ல ஸ்தாபனத்திலும் பளு ஏறும். கேட்க ஆள் இல்லாவிட்டால் ஏறிக்கொண்டே போகும்.

கேட்டவர்களுக்குக் கிடைத்தது

“அவர்கள் விரும்பித்தானே ஆடுகிறார்கள்? முடியாதென்றால் விலகிக்கொள்ளட்டுமே!” என்று சிலர் வாதாடுகிறார்கள். ஆட்டத்தன்று பட்டியலில் இடம் 26 பேருக்கு. களத்தில் இறங்குவது 15 பேர். வெளியே காத்திருப்பவர்கள் பலர். இந்த நிலையில் “எனக்குக் களைப்பாக இருக்கிறது” என்று ஒருவன் தனியாக வாய்திறந்து சொல்வானா? தனியாகச் சொன்னால் அவன் இடம்தான் போகும். எல்லோரும் சேர்ந்து சொன்னால்தான் பேச்சு காதில் விழும்.

கார்க் கவுண்டியின் ஹர்லிங் ஆட்டக்காரர்கள் 2002-ம் ஆண்டு இறுதியில் அதைச் செய்தார்கள். மருத்துவ வசதி, பயண வசதி, ஆட்ட உபகரணங்கள் ஆகியவற்றைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியே வாங்காதவர்களின் வேலைநிறுத்தம்! பொறுப்பில்லாதவர்கள் என்று அவர்களை ஏசியவர்களும் உண்டு. நிர்வாகம் இறங்கி வந்தது. அதே அணி 2004, 2005 இரண்டு ஆண்டுகளும் அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றது. வசதி கேட்டால் ஆட்டம் கெடும் என்றவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள்?

1999-ல் தோன்றிய ஆட்டக்காரர் சங்கத்தைத் தாய்ச் சங்கம் பத்தாண்டு கழித்து 2009-ல்தான் அங்கீகரித்தது. 2022-ல் வாரத்துக்கு எத்தனை பயிற்சிகளுக்குப் பயணச் செலவு தருவது என்பதில் தகராறு வந்தது. ஆட்டக்காரர்கள் பத்திரிகைகளுக்குப் பேட்டி தர மறுத்தார்கள். நமது கருத்து இது: பயிற்சியைக் குறைக்கவேண்டுமானால் பயிற்சிக்கு அழைப்பவருக்கு வரம்பு போடவேண்டும். வந்தவனின் பயணக் காசுக்கு வரம்பு போட்டால் பயிற்சி குறையாது. அவன் சட்டைப்பைதான் குறையும். 2023 ஜூனில் பெண்கள் அணிகளின் தலைவிகள் ஒன்றுகூடி, பயணச் செலவுக்கும் மருத்துவ உதவிக்கும் சாசனம் வேண்டும், அது கிடைக்கும்வரை எதிர்ப்புத் தெரிவித்தே ஆடுவோம் என்றார்கள். ஆணுக்குச் சமமாகப் பயிற்சி செய்யும் பெண் தன் கைக்காசைப் போட்டு மைதானத்துக்கு வருவதா?

ஆகவே நாம் சொல்வது இவ்வளவுதான். ஆட்டக் கணக்கு இருக்கட்டும். ஆனால் அது ஆட்டக்காரன் கையிலும் இருக்கட்டும். தன்னைப் பற்றிச் சேர்த்த தகவலின் நகலைக் கேட்டுப்பெறும் உரிமையை ஐரோப்பிய யூனியனின் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2018 மே மாதம் முதல் உறுதி செய்திருக்கிறது. அந்த உரிமையை அவன் பயன்படுத்தவேண்டும். பளு நோட்டில் பயிற்சிக்கு ஒரு பத்தி இருப்பதுபோல, தொழிலுக்கு ஒரு பத்தி, பயணத்துக்கு ஒரு பத்தி, தூக்கத்துக்கு ஒரு பத்தி இருக்கவேண்டும். ஒரே இளைஞனை ஆட வைக்கும் எல்லாப் பயிற்சியாளர்களும் அந்த ஒரே நோட்டைப் பார்த்துத்தான் அவனை அழைக்கவேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். “நேற்று நான்கு மணி நேரம்தான் தூங்கினேன்” என்று உண்மையை எழுதியவனை அணியிலிருந்து நீக்கினால், அடுத்த வாரம் அணி முழுவதும் எட்டு மணி நேரம் தூங்கியதாக எழுதிவிடும். தண்டிப்பதற்கு வைத்த கணக்கு பொய்க்கணக்காகத்தான் முடியும். ஓய்வு கொடுப்பதற்கு வைத்த கணக்கே உண்மைக் கணக்காக நிற்கும்.

உழைப்பை அளப்பது தவறல்ல. அளந்து பார்த்து மேலும் கொஞ்சம் ஏற்றலாமா என்று கேட்பதற்கும், அளந்து பார்த்து இவன் இன்று வீட்டுக்குப் போகட்டும் என்று சொல்வதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கிறது. அயர்லாந்தின் ஆட்டக்காரர்கள் இரண்டாவது கணக்கைக் கேட்கட்டும். சேர்ந்து கேட்கட்டும்!