கூலிக்குப் பதிலா சிகரெட்டு கொடுக்காதீங்க

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையா படிச்சிட்டு, சரின்னு பட்டா குடும்ப வாட்ஸ்அப் குழுவிலயும் போடுங்க.

பெரும்பாலும் எல்லாக் கோயில்லயும் இப்படி ஒரு தம்பி இருப்பாரு. காதுல குரல் கேட்கும், யாரோ துரத்துற மாதிரி பயம் வரும். டாக்டருங்க அதை மனச்சிதைவு நோய்னு சொல்றாங்க. உடம்பு நல்லா இருக்கற நாள்ல வாசல் கூட்டுவாரு, அன்னதான அண்டா கழுவுவாரு, கேஸ் சிலிண்டர் தூக்குவாரு. வேலை முடிஞ்சதும் யாராவது அவர் கையில ரெண்டு சிகரெட்டு வைப்பாங்க. திருவிழான்னா ஒரு பாக்கெட். வெளியே கூட்டிட்டுப் போய் சம்சு வாங்கிக் கொடுக்கறவங்களும் உண்டு. கேட்டா, "பாவம், அவனுக்கு வேற என்ன சந்தோஷம் இருக்கு?"ன்னு சொல்றாங்க.

அந்தப் பாவம் பார்க்கறதுதான் அவரோட ஆயுசைக் குறைக்குது. இதுதான் என் கருத்து.

கடுமையான மனநோய் உள்ளவங்க மத்தவங்களை விட 10 முதல் 20 வருஷம் முன்னாடியே இறந்துடறாங்கன்னு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லுது. தற்கொலையும் ஒரு காரணம்தான். ஆனா அதிகம் பேரைக் கொண்டு போறது இருதய நோய், இனிப்பு நீர், நுரையீரல் நோய் மாதிரி உடம்பு வியாதிங்க. சில மாத்திரைங்க பசியைக் கிளப்பி எடையையும் சர்க்கரையையும் ஏத்தும். அதோட சிகரெட்டும் சேருது. இதுக்கு மேல, "நெஞ்சு வலிக்குது"ன்னு அவர் சொன்னா நம்பறதுக்கு ஆளில்லை. "அவன் எப்பவும் இப்படித்தான் உளறுவான்"னு விட்டுடறாங்க.

நான் தொழிற்சாலையில சூப்பர்வைசர். மோட்டார் ஓடுதான்னு மட்டும் பார்த்து, எண்ணெய் பார்க்காம விட்ட மிஷின் ஒருநாள் அப்படியே நின்னுடும். இவங்க விஷயத்துலயும் அதேதான். மனசுக்கு மாத்திரை போட்டாச்சான்னு கேட்கிறோம், உடம்பை யாரும் கேட்கறதில்லை.

இன்னொரு முக்கியமான விஷயம். குளோசபின், ஒலன்சபின்னு ரெண்டு மருந்து இருக்கு. சிகரெட்டுப் புகை உள்ளே போனா, கல்லீரல் இந்த மருந்துங்களைச் சீக்கிரமா கரைச்சு வெளியே தள்ளிடும். டாக்டர் கொடுத்த அளவு பத்தாம போகும், பழைய குரல் திரும்ப வரலாம். அதுக்காக நாளைக்கே அவர் கையில இருக்கறதைப் பிடுங்கி எறியாதீங்க. திடீர்னு நிறுத்தினா அதே மருந்து ரத்தத்துல கூடிப்போய் அதிக மயக்கம், வலிப்பு கூட வரலாம். நிறுத்தறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும். அவர் அளவை மாத்திக் கொடுப்பாரு.

ஷாபு, கஞ்சா இன்னும் மோசம். இல்லாத குரலைக் கேட்க வைக்கும், இருக்கற நோயைக் கிளப்பி விடும். அந்த வேதனை தாங்காமலே இதுல விழுறவங்களும் இருக்காங்க. "போதைக்காரன்"னு விரட்டினா எங்க போவாங்க? நோய், போதை ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பார்க்கணும்.

"இதெல்லாம் கோயில் வேலையா?"ன்னு சிலர் கேட்பீங்க. தினமும் அவரைப் பார்க்கற ஆளுங்க நாமதான். டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே பெரிசு. அதனால கேட்டுக்கறது இதுதான்:

1. வேலைக்குக் கூலியைக் காசாவோ சாப்பாடாவோ கொடுங்க. சிகரெட்டு, சம்சு வேண்டாம்.

2. கோயில்ல இலவச ரத்தப் பரிசோதனை வச்சா, முதல்ல இவங்களைக் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா கிளினிக் கெசிஹாத்தான் போங்க. குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, எடை பார்க்கச் சொல்லுங்க. சிகரெட்டு நிறுத்தறதுக்கும் அங்கேயே உதவி கேட்கலாம்.

3. தைப்பூச விரதம்னு மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீங்க. மாத்திரை சாப்பிட்டா முருகன் கோவிச்சுக்க மாட்டாரு.

4. "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்"னு கிண்டல் பண்ணாதீங்க. 1911லேர்ந்து அங்க இருக்கறது ஆஸ்பத்திரி. கிண்டலுக்குப் பயந்தே பலர் வைத்தியத்துக்குப் போறதில்லை.

5. அவர் "வலிக்குது"ன்னா நம்புங்க. உடனே கூட்டிட்டுப் போங்க.

வீட்ல யாருக்காவது மனசு சரியில்லைன்னா 15555க்கு போன் பண்ணுங்க. அது அரசாங்கத்தோட மனநல உதவி எண்.

அண்டா கழுவுற அந்தக் கையும் சாமிக்குத் தொண்டு செய்ற கைதான். அது இன்னும் பல வருஷம் செய்யட்டும்.

முருகன் துணை 🙏