சாய்கோட்டின் பிழைக்கு மாணவரா பொறுப்பு?

சி, ஜாவா போன்ற நிரல்மொழிகளில் 7ஐ 2ஆல் வகுத்தால் 3.5 வராது, 3தான் வரும். இரண்டும் முழு எண்கள் என்பதால் பின்னம் வெட்டுண்டு போகும். இதில் இடறும் மொழியியல் மாணவரை ‘அடிப்படையே தெரியவில்லை’ என்று எள்ளுவது நம் ஆய்வுச் சூழலில் வழக்கமாகிவிட்டது. அவ்வழக்கம் நேர்மையற்றது என்பேன்.

ஒரே சாய்கோடு இரு வேறு செயல்களைக் குறிக்கிறது. எதைக் குறிக்கிறது என்பதை அந்த வரி சொல்வதில்லை. பல வரிகளுக்கு முன் எங்கோ அறிவித்த தரவு வகை தீர்மானிக்கிறது. பைத்தான் 2இல் அந்த அறிவிப்பும் கிடையாது. பலபொருள் ஒருசொல் நமக்குப் புதிதன்று. ‘படி’ என்றால் வாசிப்பதா, மாடிப்படியா என்பதைச் சூழல் காட்டும். காட்டாவிட்டால் கேட்பவர் திருப்பிக் கேட்பார். கணினி கேட்பதில்லை.

நம் துறைக்கு இது சிறு தொல்லையன்று. நாம் எண்ணுபவை யாவும் முழு எண்களே. 5,000 சொற்கள் கொண்ட பனுவலில் வேறுபட்ட சொற்கள் 1,200 என்றால் விகிதம் 0.24, முழுஎண் வகுத்தலில் 0. இந்தச் சுழியமாவது கண்ணில் படும். 340 வாக்கியங்களில் 4,998 சொற்கள் உள்ள பனுவலின் சராசரி வாக்கிய நீளம் 14.7, அதே 340 வாக்கியங்களில் 4,794 சொற்கள் உள்ளதற்கு 14.1. இரண்டுக்கும் 14 என்றே விடை வரும். ‘இரு ஆசிரியர்க்கும் வாக்கிய நீளத்தில் வேறுபாடில்லை’ என்ற முடிவு ஆய்வேட்டில் ஏறிவிடும். புறத்தேர்வாளருக்கும் ஐயம் எழாது.

‘பைத்தான் 3 வந்தபின் இந்தப் பேச்சு எதற்கு?’ என்பர். பைத்தானை ஆக்கியவர்களே பழைய முறையைக் குறையெனக் கண்டு, 2001இல் மாற்றத்தை முன்மொழிந்தனர். 2008இல் வெளியான பைத்தான் 3இல் ஒற்றைச் சாய்கோடு பின்னத்தையும் தரும். முழு எண் வேண்டுவோர் இரட்டைச் சாய்கோடு இட வேண்டும். ஆக்கியவர்களே குறியைத் திருத்திக்கொண்டபின் மாணவரைப் பழிப்பது என்ன நியாயம்? அதோடு, சிக்கல் தீர்ந்தும்விடவில்லை. எஸ்கியூலைட்டிலும் போஸ்ட்கிரெஸ்கியூஎல்லிலும் இன்றும் 7/2 என்றால் 3, மைஎஸ்கியூஎல்லில் 3.5!

‘விடையை மிதவைப்புள்ளி எண்ணாக மாற்றிக்கொள்’ என்ற அறிவுரையும் அரைகுறை. வகுத்தபின் மாற்றினால் 3 என்பது 3.0 ஆகுமே தவிர, வெட்டுண்ட பாதி திரும்பாது. வகுக்குமுன் மாற்ற வேண்டும்.

நெறியாளர்களே, ஆய்வேட்டோடு நிரலையும் இணைக்கச் சொல்லுங்கள். மூத்தவரிடமிருந்து இளையவருக்குக் கைமாறிவரும் பழைய நிரல்களில் ஒவ்வொரு சாய்கோட்டையும் தேடிப் பாருங்கள். அட்டவணையில் சராசரிகள் அனைத்தும் தசமமின்றி முழு எண்களாகவே நின்றால், வாய்மொழித் தேர்வில் அதை முதலில் கேளுங்கள்.