காடாகிப்போன கால்பந்து மைதானம்

உக்ரைன் நாட்டின் வடக்கே பிரிபியத் என்று ஓர் ஊர். அங்கே ஒரு கால்பந்து மைதானம். அதன் நடுவிலே மரங்கள் வளர்ந்து நிற்கின்றன!

பார்க்கப் போனவர்கள், "மைதானம் எங்கே?" என்று கேட்பது வழக்கம். "நீங்கள் நிற்பதே மைதானத்தில்தான்" என்று வழிகாட்டி சொல்வார். அதன் பிறகுதான் கிளைகளுக்கு இடையே கேலரி தெரியும். 5 ஆயிரம் பேர் உட்காருவதற்காகக் கட்டியது. பலகைகள் உளுத்துவிட்டன. விளக்குக் கம்பங்கள் மட்டும் மரங்களுக்கு மேலே தலை நீட்டுகின்றன.

கட்டுகிறவர்களின் கோஷ்டி

பிரிபியத் பழைய ஊர் அல்ல. உக்ரைன் சோவியத் யூனியனில் சேர்ந்திருந்த காலத்தில், 1970-ம் ஆண்டு உருவாக்கப்பட்டது. 3 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள செர்னோபில் அணு மின்சார நிலையத்தில் வேலை செய்வோருக்காக எழுந்த ஊர். சுமார் 49 ஆயிரம் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் இளம் குடும்பங்கள். தெருவெல்லாம் குழந்தைகள்.

ஊருக்கு ஒரு கால்பந்து கோஷ்டி இருந்தது. பெயர் "ஸ்திராய்தெல்". "கட்டுகிறவர்" என்று அர்த்தம். பெரிய லீக்கில் ஆடும் கோஷ்டி அல்ல. ஆனாலும் 1981 முதல் 1983 வரை தொடர்ந்து 3 ஆண்டுகள் கீவ் வட்டாரத்தின் சாம்பியன் பட்டம் பெற்றது.

ஊர் கோஷ்டிக்காக "அவன்கார்து" என்ற புதிய மைதானம் தயாராயிற்று. அது திறக்கப்பட இருந்த ஆண்டு 1986.

அந்தச் சனிக்கிழமை

1986 ஏப்ரல் 26. அதிகாலை மணி 1-23. சோதனை ஒன்று நடந்துகொண்டிருந்தபோது 4-வது அணு உலை வெடித்தது!

தீயணைக்கும் படையினர் ஓடி வந்தார்கள். அவர்களிலும் நிலைய ஊழியர்களிலும் சுமார் 30 பேர் சில மாதங்களுக்குள் இறந்தார்கள்.

ஊர் ஜனங்களுக்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. பொழுது விடிந்தது. குழந்தைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தாய்மார்கள் கடைக்குப் போனார்கள். அன்று ஸ்திராய்தெல் கோஷ்டிக்கும் பொரொத்யான்கா ஊர் கோஷ்டிக்கும் கோப்பைப் பந்தயத்தின் அரை இறுதி ஆட்டம். அது நடக்கவில்லை.

கதிரியக்கத்துக்கு நிறம் இல்லை, வாசனையும் இல்லை. யாராவது சொன்னால்தான் தெரியும். சொல்ல வேண்டியவர்கள் வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் பகல் 2 மணிக்குத்தான் பஸ்கள் புறப்பட்டன. சுமார் 1,200 பஸ்கள்! சில மணி நேரத்தில் ஊர் காலியாயிற்று. "இது தற்காலிக ஏற்பாடு" என்று ரேடியோவில் சொன்னார்கள். அதை நம்பி ஜனங்கள் பொம்மையையும் புகைப்படத்தையும் வீட்டிலேயே விட்டுப் போனார்கள். திரும்பி வந்து குடியேற முடியவில்லை.

மறைத்தது சரியா?

ஜனங்கள் பீதி அடைவார்கள் என்று அஞ்சியே மறைத்ததாகச் சிலர் சமாதானம் சொல்வது உண்டு. இதை ஏற்க முடியாது. ஓர் ஊரையே சில மணி நேரத்தில் காலி செய்ய முடிந்த சர்க்காருக்கு, "ஜன்னலை மூடுங்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்" என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஏப்ரல் 28-ந் தேதி காலை ஸ்வீடன் நாட்டு அணு நிலையத்தில் கதிரியக்கம் தெரிந்தது. அதன் பிறகு, அன்று இரவுதான் சோவியத் டெலிவிஷனில் சில வரிகள் வந்தன. அப்போதும் முழு உண்மை வரவில்லை. சுமார் 100 கிலோமீட்டரில் உள்ள கீவ் நகரில் மே தின ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. குழந்தைகளும் நடந்தார்கள்.

இதன் விளைவு சிறியது அல்ல. காற்றில் போன கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது. புல்லை மாடு தின்றது. பாலைக் குழந்தைகள் குடித்தார்கள். அயோடின் கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பியில் போய்ச் சேரும். பின்னாளில் அந்தக் குழந்தைகளில் பல ஆயிரம் பேருக்கு அங்கே புற்றுநோய் கண்டது. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். ஆனால் "சில வாரங்கள் இந்தப் பாலைக் கொடுக்காதீர்கள்" என்று கிராமம் கிராமமாக உடனே தண்டோரா போட்டிருந்தால், எத்தனை பிள்ளைகள் தப்பியிருப்பார்கள்!

2019-ல் மட்டும் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இந்தப் பகுதியைப் பார்க்க வந்தார்கள். பெரும்பாலோர் சுழலாத ராட்டினத்தைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ராட்டினம் வேடிக்கைதான். ஆனால் பக்கத்திலேயே இருக்கிறது மைதானம். அந்தக் கேலரியில் உட்கார வேண்டியவர்கள் ஒரு பகலும் ஓர் இரவும் ஒன்றும் அறியாமல் இருந்தார்களே, அதையும் நினைத்துப் பார்க்க வேண்டாமா? 2022-ல் ரஷ்யா படையெடுத்த பிறகு சுற்றுலா நின்றுபோயிற்று.

ஸ்திராய்தெல் கோஷ்டி, நிலைய ஊழியர்களுக்காகப் புதிதாகக் கட்டிய ஸ்லாவூதிச் நகருக்குப் போயிற்று. 1988-ல் கலைந்தது. எதிர்க் கோஷ்டியின் ஊரான பொரொத்யான்காவில் 2022 மார்ச்சில் குண்டுகள் விழுந்து மாடி வீடுகள் நொறுங்கின. அந்த அரை இறுதி ஆட்டம் ஆடப்படவே இல்லை.