காஞ்சிக்கு ஓர் இரவு கொடுங்கள்

சென்னையிலிருந்து காஞ்சிபுரம் சுமார் 75 கிலோமீட்டர். அந்தச் சௌகரியமே ஊருக்குப் பாதகமாகிவிட்டது. காலையில் வேன் ஏறினால் காமாட்சி, ஏகாம்பரநாதர், வரதர் என மூன்று தரிசனம். நடை சாத்தியதும் சாப்பாடு, பிறகு ஒரு பட்டுக்கடை. விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பிவிடலாம். தங்கப் பல்லியைத் தொட்டாயிற்று, முகூர்த்தப் புடவையும் எடுத்தாயிற்று. காஞ்சி முடிந்தது என்று கணக்கெழுதி விடுகிறார்கள்.

சீன யாத்ரீகர் யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் தேடி வந்த பல்லவத் தலைநகரம் இது. அதற்கு இன்று கிடைப்பதோ அரை நாள்.

இந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது ஊரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் கைலாசநாதர் கோயில். பல்லவ மன்னன் ராஜசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கற்றளி. பிராகாரத்தைச் சுற்றி 58 சிறு சன்னதிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தால் சில மாடங்களில் பல்லவர் கால ஓவியத்தின் மிச்சம் தெரியும்: ஒரு முகத்தின் பாதி, ஒரு கோடு, மங்கிய காவி நிறம். மணற்கல் தேய்ந்த இடங்களில் பிற்காலத்தார் பூசிய சுதை, பல சிற்பங்களின் முகத்தையே மாற்றி வைத்திருக்கிறது. எது பல்லவன் உளி, எது பின்னாளில் பூசியது என்று பிரித்துப் பார்க்கவே ஒரு மணி நேரம் போதாது.

அங்குள்ள தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைக் கண்டும் எடுத்துச் செல்லாமல் இறைவனுக்கே திருப்பிக் கொடுத்ததை அது சொல்கிறது. அவன் அரசி லோகமகாதேவி பின்னர் பட்டடக்கல்லில் எடுப்பித்த கோயிலில் காஞ்சியின் சாயல் தெரிகிறது. முதலாம் ராஜராஜனின் கல்வெட்டு கைலாசநாதரைப் பெரிய திருக்கற்றளி என்று குறிப்பிடுகிறது. சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் வருகிறவர், இத்தனை வரலாற்றைத் தாங்கும் தூணை ஒரு செல்ஃபிக்குப் பின்னணியாக்கிவிட்டுப் போவார்.

வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்று மாளிகையும் இப்படித்தான். பல்லவ வம்சத்தின் கதையே அங்கே சுவரில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. வாரிசில்லாமல் மன்னன் இறந்துபோக, ஊர்ப் பெரியவர்களும் அமைச்சர்களும் அரச குலத்தின் வேறொரு கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் போய் நிற்கிறார்கள். அவனுடைய மூத்த பிள்ளைகள் மறுத்துவிடுகிறார்கள். 12 வயதுக் கடைக்குட்டி சம்மதிக்கிறான்; அவனே பின்னாளில் நந்திவர்மன். சில காட்சிகளுக்குக் கீழே விளக்க வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். இச்சிற்பங்களைப் பற்றி ஆய்வறிஞர் சி. மீனாட்சி எழுதிய நூல், அவர் மறைந்த பிறகு 1941-ல் தொல்லியல் துறை வெளியீடாக வந்தது. அதன் சாரத்தை எளிய தமிழில் பத்துப் பக்கத்துக்குச் சுருக்கி வாசலில் விற்றால், பள்ளிப் பிள்ளைகள்கூடக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் படித்துவிடுவார்கள்.

அடுத்தது பட்டு. பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் நடை சாத்தி மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கின்றன. அந்த இடைவெளியைக் கடைகள் பிடித்துக்கொண்டன. ஆள் கூட்டி வருபவருக்குக் கமிஷன் உண்டு என்பது ஊரறிந்த சங்கதி. அது புடவை விலையில்தான் ஏறும். வாங்குகிறவர் தறியையே பார்த்திருக்க மாட்டார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அதைக் கோர்வை போட்டு நெய்ய வேண்டும். மூன்று நாடா ஓடும்; கரை நாடாவைத் தள்ள நெசவாளிக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார வேண்டும். பெங்களூர்ப் பக்கத்துப் பட்டு நூலும் சூரத்து ஜரிகையும் இங்கே சேர்ந்து புடவையாவதற்கு இரண்டு பேருடைய பல நாள் உழைப்பு போகிறது. 2005-06-ல் கிடைத்த புவிசார் குறியீடு அந்த உழைப்பைக் காப்பதற்குத்தான். ஆனால் கோர்வையைக் கண்ணால் பார்க்காதவருக்கு விசைத்தறிச் சேலையும் கைத்தறிச் சேலையும் ஒன்றுதான், விலைச்சீட்டைத் தவிர.

ஓர் இரவு தங்கினால் இது மாறும். விடிகாலையில் பிள்ளையார்பாளையம் பக்கம் நடந்தால் தெருவில் பாவு நீட்டி வேலை நடப்பதைப் பார்க்கலாம். மதிய வெயிலில் அண்ணா பிறந்து வளர்ந்த ஊர் என்பதை நினைவூட்டும் அவரது நினைவு இல்லத்துக்குப் போகலாம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் விதானம் முழுக்கத் தீர்த்தங்கரர் கதைகள் வண்ணத்தில் இருக்கின்றன. அண்ணாந்து பார்க்கக் கழுத்துக்குப் பொறுமை வேண்டும். மிளகும் சுக்கும் மணக்க, மந்தாரை இலை போட்ட மூங்கில் குடலையில் வேகும் குடலை இட்லியையும் நிதானமாகச் சாப்பிடலாம்.

காஞ்சிக்கு வருகிறவர் சாமி கும்பிட வருகிறார், அவருக்கு எதற்குக் கல்வெட்டும் தறியும் என்று கேட்பவர்கள் உண்டு. காஞ்சியில் பக்தியையும் நெசவையும் பிரிக்க முடியாது. கோயில் தெருவும் தறித் தெருவும் சேர்ந்துதான் ஊர். கூட்டம் பெருகினால் தாங்காது என்பது நியாயமான கவலை. ஆனால் ஒரே நேரத்தில் மூன்று கோயில்களில் முண்டியடிக்கும் கூட்டம், இரண்டு நாளாகப் பிரிந்து பத்து இடங்களுக்குப் போனால் நெரிசல் குறையும்.

கூட்டத்தைச் சமாளிப்பது அரசுக்குப் புதிதல்ல. 2019-ல் வரதர் கோயிலில் அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளும் தற்காலிகப் பேருந்து நிலையம், குடிநீர், மருத்துவ முகாம் என்று அரசு இயந்திரம் முழுமூச்சாக நின்றது. அடுத்த வைபவம் 2059-ல். அதுவரை செய்வதற்கு அவ்வளவு பெரிய செலவு வேண்டியதில்லை. கல்வெட்டுத் தூணருகே தமிழில் ஒரு பலகை, கூட்டுறவுச் சங்க வளாகத்தில் நண்பகலில் ஓடும் ஒரு கோர்வைத் தறி, கைலாசநாதர், வைகுண்டப் பெருமாள், திருப்பருத்திக்குன்றம் மூன்றையும் சுற்றி வரும் ஒரு சிற்றுந்து: இவற்றில் தொடங்கலாம். சுற்றுலாத் துறை, கைத்தறித் துறை, அறநிலையத் துறை மூன்றும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் போதும்.